கன்னி வேட்டைக்கு எது வயது?

சென்ற நவம்பர் மாதத்தின் நடுவில் ஒரு நாள், காலைக் காப்பி ஆறுவதற்கு முன்பே, அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரான மாடிசனில் பல வருஷங்களாகக் குடியிருக்கும் என் மகன் தொலைபேசியில் அழைத்து, க்ஷேமலாபங்களை விசாரித்து முடிக்கும் பொறுமைகூட இல்லாமல், "அப்பா, இவனை மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், அனுப்பலாமா?" என்று கேட்டான். இவன் என்றது என் பேரனை; ஒன்பது வயது. அவனுடன் படிக்கும் அயல்வீட்டுப் பையன் ஒருவனின் தகப்பனார் ஆண்டுதோறும் வடக்கே ஒரு காட்டில் பரண் கட்டி மான் சுடுகிறவராம். இந்த ஆண்டு தம் மகனையும் முதன்முதலாக அழைத்துப் போகிறாராம். தம் தமையனாரும் உடன் வருவதால், பிள்ளைக்கு ஒருவராக இருவரும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றும், விருப்பமானால் எங்கள் பையன் கையிலும் ஒரு துப்பாக்கி கொடுக்கலாம் என்றும், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது என்றும் சொன்னாராம். மருமகள் கூடவே கூடாது என்கிறாள். மகனுக்கோ, அயல்வீட்டுக்காரரின் அன்பை மறுக்கவும் மனமில்லை, மனைவியின் அச்சத்தைத் தள்ளவும் தைரியமில்லை. வழக்கு கடல் கடந்து என்னிடம் வந்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வேட்டைக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் ஒரே ஒரு புறாவோடு முடிந்துபோனது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆயினும், குழந்தையை எந்த வயதில் வேட்டைக்கு அறிமுகம் செய்யலாம் என்ற கேள்வி, அந்த நாட்டில் சில ஆண்டுகளாகச் சட்டசபைகளிலும் சமையலறைகளிலும் ஒருங்கே நடந்துவரும் விவாதமென்றும், அதில் இரு தரப்பாரும் சொல்லுவதில் நியாயம் இருக்கிறதென்றும், நியாயமல்லாத ஒரு காரணமும் இடையே புகுந்திருக்கிறதென்றும் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

விஸ்கான்சினில் முன்பு ஒரு வரையறை இருந்தது. பன்னிரண்டு வயதில் பாதுகாப்புப் பயிற்சி முடித்துப் பெற்றோருடன் காட்டுக்குள் போகலாம். பதினாலில் தனியே போகலாம். 2009இல் செய்த ஏற்பாட்டின்படி, பயிற்சி பெறாத பத்து வயதுச் சிறுவனும் பெரியவர் ஒருவரின் கை எட்டும் தூரத்தில் இருந்துகொண்டு சுடலாம். ஆனால் அவ்விருவருக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கிதான். 2017 நவம்பரில் ஆளுநர் ஸ்காட் வாக்கர் கையெழுத்திட்ட சட்டம் இந்த இரண்டு வேலிகளையும் பிடுங்கிவிட்டது. குறைந்தபட்ச வயது என்பதே இல்லை; துப்பாக்கியும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பருவத்திலேயே, ஒரு வயது நிரம்பாத சிசுக்களின் பெயரிலும் மான் சுடும் உரிமச்சீட்டு வாங்கப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை மான் சுடப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தகப்பன்மார் ஞாபகார்த்தமாக வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் பல் முளைக்காத குழந்தைக்கு ஒரு சர்க்கார் கொலைச்சீட்டு எழுதிக் கொடுக்கிறதென்றால், அது சிரிக்கத்தக்க விஷயமாயிருந்தாலும், சிரித்துவிட்டு விட்டுவிடத்தக்க விஷயமன்று.

அங்கே மான் வேட்டை நடக்கும் ஒன்பது நாட்கள் நம் ஊர்த் தேர்த்திருவிழாவைப் போல் என்கிறான் என் மகன். நவம்பரில் அவர்களுடைய நன்றி கூறும் பண்டிகைக்கு முந்திய சனிக்கிழமை, சூரியோதயத்துக்கு அரைமணி முன்னதாகத் துப்பாக்கிப் பருவம் தொடங்கும்; அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உரிமம் வாங்கிக் காட்டுக்குள் புகுவார்கள். ஒருவரையொருவர் மானென்று மயங்கிச் சுட்டுவிடாதிருக்க, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் மேலுடை போட்டுக்கொள்ள வேண்டும். 2016இல் அதே பளபளப்புள்ள இளஞ்சிவப்பு நிறத்தையும் அனுமதித்தார்கள், பெண்மக்களும் விரும்பி வரட்டும் என்று. (பெண்கள் வராததற்குச் சட்டையின் நிறந்தான் காரணம் என்று கண்டுபிடித்த மேதை யாரோ!) தாத்தா சுட்ட மரத்தடியில் தகப்பனும், தகப்பன் சுட்ட மரத்தடியில் மகனும் உட்காருவது குடும்ப அனுஷ்டானம். வேறு மாநிலங்களிலும் இப்படியே. பென்சில்வேனியாவில் பருவம் திங்கட்கிழமை தொடங்கிய காலமெல்லாம் அன்று பல பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஜனங்களைக் குரூரர் என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்ல என் நா எழவில்லை. வெள்ளைவால் மான்களுக்குப் பகையாயிருந்த ஓநாயும் காட்டுப்பூனையினங்களும் பெரும்பாலும் ஒழிக்கப்பட்டபின், அவை பல்கிப் பெருகி வயலை அழிப்பதும், இளங்கன்றுகளை மேய்ந்து காட்டையே கிழடாக்குவதும், இரவில் நெடுஞ்சாலையில் கார்களின் முன்னே பாய்ந்து தாமும் மடிந்து மனிதரையும் மடிவிப்பதும் அங்கே அன்றாட விவகாரம். சுட்ட மானைத் தோலுரித்துத் துண்டாக்கிக் குளிர்பெட்டியில் அடுக்கிவைத்து அடுத்த கோடைவரை உண்ணும் குடும்பங்கள் அநேகம். நாங்களும் புலால் உண்பவர்களே. எங்கள் தெருமுனைக் கடையில் கோழியைத் தலைகீழாய்த் தொங்கவிட்டு எடை பார்த்து, நீல நிற டிரம்முக்குள் போட்டு மூடி, அது உள்ளே அடித்துக்கொள்ளும் ஓசை அடங்குமுன்பே அடுத்தவரிடம் "கால் கிலோவா, அரை கிலோவா?" என்று கேட்டுக்கொண்டே, துண்டுபோட்டுக் கறுப்புப் பையில் கட்டித் தரும்போது, குழந்தைகளை நாம் அப்பால் நிற்கச் சொல்லுகிறோம். அந்தப் பையைச் சுமந்து வந்து குழம்பு வைத்துப் பிள்ளைக்கு ஊட்டும் நாம், மானின் கண்ணைப் பார்த்துச் சுட்டுத் தின்கிறவனைவிட ஜீவகாருண்யம் மிக்கவர்கள் என்று எந்த முகத்தோடு சொல்லிக்கொள்வது?

ஆகவே குழந்தைக்கு வேட்டையைக் காட்டவே கூடாது என்பது என் கட்சியன்று. ஆனால் வயதைக் குறைக்கச் சொன்னவர்கள் இந்த நியாயங்களோடு நிற்கவில்லை. 1937இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் இயற்றிய பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி, வேட்டைத் துப்பாக்கிகளின்மீதும் தோட்டாக்களின்மீதும் நூற்றுக்குப் பதினொன்று வீதம் விதிக்கப்படும் வரி, வனவிலங்குப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகிறது. பாதிப்பங்கு நிலப்பரப்பை அனுசரித்தும், மற்றப் பாதி அந்தந்த மாநிலத்தில் உரிமம் வாங்கியவர்களின் தொகையை அனுசரித்தும் போகும். அழிந்துகொண்டிருந்த பல பிராணிகள் இந்தப் பணத்தால் பிழைத்தன என்பது மெய். ஆனால் 1991இல் அந்நாட்டில் 1.41 கோடியாக இருந்த வேட்டைக்காரர் தொகை 2016இல் 1.15 கோடியாக இறங்கிவிட்டது. கிழவர்கள் பரண் ஏறுவதை நிறுத்துகிறார்கள், பேரன்மார் ஏறுவதில்லை. கஜானா வற்றிவிடும் என்ற அச்சம் பிறந்தது. 2004இல் துப்பாக்கித் தொழில்துறையினர் சங்கமும் வேட்டைக்காரர் சங்கங்களும் கூடி 'ஃபேமிலீஸ் அஃபீல்ட்' என்றோர் இயக்கத்தைத் தொடங்கி, மாநிலந்தோறும் வயதுவரம்பைத் தளர்த்தப் பாடுபட்டதன் பின்னணி இதுவே. பன்னிரண்டு வயதுக்குள் பிடிக்காவிட்டால் பந்தாட்டமும் கணினியும் கொண்டுபோய்விடும் என்பது அவர்கள் வாதம். வியாபாரத்தில் அது நல்ல வாதம். ஒரு ஜீவனைக் கொல்லும் அதிகாரத்தை ஐந்து வயதில் ஒப்படைப்பதற்கு அது காரணமாகாது.

வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கும் நான்கு கட்டளைகளை என் மகன் படித்துக் காட்டினான். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே எண்ணு. அதன் வாயை எப்போதும் அபாயமில்லாத திசையில் வை. எதைச் சுடுகிறாய் என்பதையும் அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையும் நிச்சயமாகத் தெரிந்துகொள். சுடும் கணம்வரை விரலை விசைக்கு வெளியே வை. 1949இல் நியூயார்க் மாநிலம் இத்தகைய பயிற்சியை முதன்முதல் கட்டாயமாக்கியதிலிருந்து மற்றவையும் பின்பற்ற, காட்டில் மனிதன் மனிதனைச் சுடும் விபத்துக்கள் வெகுவாகக் குறைந்தன. நான்கில் மூன்றைக் குழந்தையும் மனப்பாடமாக்கலாம். மூன்றாவதைக் கவனியுங்கள். அப்பால் என்ன இருக்கிறது! கண்ணுக்கெதிரே கொம்புடன் ஒரு மான் நிற்கும்போது, இதயம் தொண்டையில் அடித்துக்கொள்ளும்போது, அந்த மானுக்குப் பின்னே புதருக்கு மறுபுறம் ஒரு வீடோ, பாதையோ, வேறொரு தகப்பனின் பிள்ளையோ இருக்கலாம் என்று எண்ணி, விரலை எடுத்துவிடும் மனப்பரிபாகம் எந்த வயதில் வருகிறது?

இனி அந்தப் புறாவைப் பற்றி.

சிவகங்கைச் சீமையில் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில், 1958ஆம் வருஷம் என்று நினைக்கிறேன், பத்து வயதில் நானும் ஒரு வேட்டைக்காரனாக இருந்தேன். கொய்யாக் கவையில் சைக்கிள் டியூபை வார்ந்து கட்டி, பழஞ்செருப்புத் தோலை நடுவே கோத்து, கண்மாய்க் களிமண்ணை உருட்டி அடுப்புத் தணலில் சுட்ட உண்டைகளைக் கால்சட்டைப் பையில் நிரப்பிக்கொண்டு, பகல் முழுவதும் அலைந்த கூட்டம் எங்களுடையது. ராமபிரானுக்கு அபசாரம் செய்தது என்ற பழிசுமத்தி ஓணானைக் கல்லால் அடித்துக் கொன்ற பாவம் அக்காலத்தில் கிராமத்துப் பையன்கள் எல்லாருக்கும் உண்டு. உயர்ந்த வேட்டையென்றால் பறவைதான். ஒரு நாள் பிற்பகல் கருவேலங்கிளையில் உட்கார்ந்திருந்த புள்ளிப்புறா ஒன்றை, எய்த நானே நம்பாதபடி, என் உண்டை வீழ்த்திவிட்டது.

ஆனால் அது சாகவில்லை. மண்ணில் ஒரு சிறகை விரித்துப்போட்டு, மற்றச் சிறகைத் தூக்கித் தூக்கி வட்டமாகச் சுற்றிற்று. கையில் எடுத்தேன். அத்தனை சிறிய உடம்புக்குள் அவ்வளவு சூடு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணின்மேல் மெல்லிய வெண்சவ்வு ஒன்று ஓரத்திலிருந்து மூடி மூடித் திறந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது என்னைப் பார்ப்பதாகத் தோன்றிற்று. சகாக்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். கொல்லவும் தெரியாமல், விடவும் தெரியாமல் நான் கால்மணி நேரம் அப்படியே நின்றிருப்பேன்.

அப்போது கரையின்மேல் நரிக்குறவர் ஒருவர் கண்ணிச்சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். பின்னால் ஆறு வயது மதிக்கத்தக்க அவர் மகன், துணி போர்த்திய ஒரு கூண்டை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தான். கூண்டுக்குள் இருந்தது பார்வைக் கௌதாரி. அது கூவினால், தன் எல்லைக்குள் எவன் வந்தான் என்று காட்டுக் கௌதாரி சண்டைக்கு ஓடிவந்து கண்ணியில் கால் வைக்கும். அந்த மனிதர் என் கையிலிருந்த பறவையை வாங்கினார். இரண்டு விரல்களால் ஒரு திருகு. அவ்வளவுதான், அதன் வேதனை தீர்ந்தது. "திங்கிறதுக்கா சாமி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடியும் கேட்கவுமில்லை; பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

அன்று மாலையே அவர் எங்கள் வீட்டு வாசலுக்குக் கௌதாரி விற்க வந்துவிட்டபோது, நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். நல்லவர், புறாவைப் பற்றி மூச்சுவிடவில்லை. எங்கள் ஐயா, அதாவது என் தகப்பனாரின் தகப்பனார், பேச்சுவாக்கில் கூண்டுக்காரப் பையனைக் காட்டி, "இவன் கையிலே எப்பப்பா கண்ணியைக் கொடுப்பே?" என்று கேட்டார். "மீசை முளைக்கட்டும் சாமி. இப்ப உட்காரத் தெரிஞ்சாப் போதும்" என்றார் அவர். அந்தப் பையன் மீசை முளைத்துச் சில வருஷங்களே கண்ணி வைத்திருப்பான். 1972இல் வந்த வனவிலங்குச் சட்டம் அவர்களுடைய பரம்பரைத் தொழிலைக் குற்றமாக்கிவிட்டது. அந்தச் சட்டம் வேண்டியதே. ஆனால் அதனால் வயிறு காய்ந்தவர்களை நாடு பழங்குடியினர் பட்டியலில் சேர்ப்பதற்கு 2023 வரை ஆயிற்று என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

புறா என்றதும் அமெரிக்கச் சரித்திரத்தில் வரும் வேறொரு சிறுவன் நினைவுக்கு வருகிறான். பயணிப் புறா என்றோர் இனம் அந்நாட்டு ஆகாயத்தை மணிக்கணக்கில் மறைத்துக்கொண்டு பறந்த காலம் உண்டு. 1871இல் விஸ்கான்சினில் அவை கூடு கட்டிய இடத்தைக் கோடிக்கணக்கான பறவைகள் நிறைத்திருந்தன. ரெயில் வண்டி வண்டியாகச் சுட்டு ஏற்றுமதி செய்தே அந்த இனத்தை முடித்தார்கள். 1900 மார்ச்சில் ஒஹையோ மாநிலத்தில் பதினாலு வயதுக் குடியானவச் சிறுவன் ஒருவன், தொழுவத்தருகே தானியம் பொறுக்கிய ஒரு புதிய பறவையைக் கண்டு, தாயாரிடம் முறையாக அனுமதி கேட்டு, வீட்டுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினான். கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான், அது பயணிப் புறா என்று அந்த அம்மாள் அடையாளம் கண்டுகொண்டாள். சுதந்திரமாகத் திரிந்தவற்றுள் அதுவே கடைசி என்று நெடுங்காலம் கருதப்பட்டது. வேறு சில பதிவுகள் பின்னால் தெரியவந்தன. கண்ணுக்குக் கண்ணாடி கிடைக்காமல் சப்பாத்துப் பொத்தான்களைத் தைத்துப் பதப்படுத்திய அந்தப் பறவை இன்னும் ஒஹையோவில் இருக்கிறது. பையனுக்கு வயது குறைவென்று சொல்ல முடியாது, அனுமதியும் வாங்கினான், குறியும் தப்பவில்லை. என்ன பறவை என்று தெரிந்துகொள்ளும்வரை பார்த்துக்கொண்டு உட்காரத்தான் அவனுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதே பயணிப் புறாவுக்கு 1947இல் விஸ்கான்சினில் ஒரு நினைவுச்சின்னம் நாட்டியபோது அதைப் பற்றி எழுதிய ஆல்டோ லியோபோல்டு என்பவர், அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேட்டைப்பிராணி நிர்வாகப் பேராசிரியராக இருந்தவர். ஆயுள் முழுவதும் வேட்டையாடியவர். காட்டையும் நிலத்தையும் மனிதன் தன் சமுதாயத்தில் சேர்த்து எண்ண வேண்டும் என்று அந்நாட்டாருக்குப் போதித்தவரும் அவரே. தாம் சிறுவனாக இருந்தபோது, உறைந்த ஏரியில் எஞ்சியிருந்த ஒரு சிறு நீர்த்துவாரத்தின் ஓரத்தில், ஒற்றைக்குழல் துப்பாக்கியுடன் ஒரு பிற்பகல் முழுவதும் குளிரில் நடுங்கிக் காத்திருந்து, அந்தியில் வந்த முதல் வாத்தைச் சுட்டு வீழ்த்தியபோது அடைந்த பரவசத்தை அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஆனந்தம் பொய்யன்று. வேட்டையை வெறுப்பவர்கள் அதை ஒப்புக்கொண்டே பேச வேண்டும். ஆனால் அவர் தகப்பனார் துப்பாக்கியோடு ஒரு நிபந்தனையும் கொடுத்திருந்தார். காட்டுக்கோழியைச் சுடலாம், மரத்தில் உட்கார்ந்திருக்கும்போது சுடக்கூடாது, பறக்கும்போதுதான் சுடலாம். பையனிடம் இருந்த நாயோ, கோழிகளை மரத்தில் ஏற்றிவிடுவதில் சமர்த்து. கைக்கெட்டும் தூரத்தில் கிளைமேல் நிச்சயமாகக் கிடைக்கும் பறவையை விட்டுவிட்டு, பறந்தோடும் பறவையை நோக்கி வீணாகச் சுட்டுக்கொண்டிருந்ததே தம் வாழ்வில் தர்மத்தின் முதற்பாடம் என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். காட்டில் வேட்டைக்காரனைப் பார்த்துக் கைதட்டவோ கண்டிக்கவோ சபையில்லை என்பதும் அவர் கண்ட உண்மை.

நான் சொல்ல வந்தது இதுவே. சுடத் தெரிந்த வயது வேறு. சுடாமல் திரும்பத் தெரிந்த வயது வேறு. முன்னது ஐந்திலேயே வரலாம், இன்றைய துப்பாக்கிகள் அவ்வளவு இலேசானவை. பின்னது வந்தபிறகே கையில் ஆயுதம் வர வேண்டும். தியடோர் ரூஸ்வெல்ட் 1902இல் மிசிசிப்பிக் காட்டில், தமக்காக மரத்தில் கட்டி வைத்திருந்த கரடியைச் சுட மறுத்ததிலிருந்துதான் குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் பஞ்சுக்கரடிப் பொம்மைக்கு அவருடைய செல்லப்பெயர் வந்தது. பாவம், அந்த நிஜக்கரடியை அவர் சொற்படியே பிறகு கத்தியால் முடித்தார்கள். பொம்மை விற்கிறவர்கள் அந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

வேட்டையே ஜீவனமாயுள்ள ஜனங்களைப் பாருங்கள். தான்சானியாவின் ஹாட்சா மக்கள் சின்னஞ்சிறு பையன்களுக்கும் சிறுவில் கொடுத்து எலியையும் குருவியையும் துரத்த விடுகிறார்கள். அங்கே அது விளையாட்டும் உணவும் கல்வியும் ஒன்றாகிய விஷயம். கலஹாரிப் பாலையின் ஜூஹோவான்சிகளிடையே வாழ்ந்த ரிச்சர்டு லீ என்ற மானிடவியலாளர், தாம் அவர்களுக்கு விருந்தாக வாங்கிய கொழுத்த மாட்டை எல்லாரும் எலும்புக்கூடு என்று பரிகசித்ததைக் கண்டு மனம் நொந்து காரணம் கேட்டபோது, நிறைய இறைச்சி கொண்டுவரும் வாலிபன் தன்னைத் தலைவனென்றும் மற்றவர்களைத் தன் ஏவலரென்றும் எண்ணிவிடாதபடி, அவன் கொணர்ந்ததை இழித்துப் பேசி அவன் நெஞ்சைக் குளிரவைப்பதே தங்கள் வழக்கம் என்றார்களாம். ஆர்க்டிக் பிரதேசத்து இனூயிட் பிள்ளை முதன்முதல் பிடித்ததைத் தான் வைத்துக்கொள்வதில்லை. அவன் பிறந்தபோது உடனிருந்த பெண்ணுக்கும் ஊராருக்கும் அது போய்ச் சேரும். இதற்கு எதிராக, இங்கிலாந்தில் நரிவேட்டைக்குப் புதிதாக வந்த குழந்தையின் கன்னத்தில் நரியின் ரத்தத்தைப் பூசியதையும், அமெரிக்காவில் சில முகாம்களில் முதல் மானின் ரத்தத்தை அவ்வாறே பூசுவதையும், குறி தப்பியவனின் சட்டை நுனியை வெட்டித் தொங்கவிடுவதையும், இன்று கொம்பைப் பிடித்துச் சிரிக்கும் குழந்தையின் படத்தை உலகுக்கெல்லாம் அனுப்புவதையும் வைத்துப் பாருங்கள். அங்கே பெருமையை வாங்கிக்கொள்கிறார்கள். இங்கே பெருமையை ஊட்டுகிறார்கள். தப்பினால் அவமானம் என்று கற்ற பிள்ளை, சுடாமல் எப்படித் திரும்புவான்?

முதல் வேட்டைக்குக் கன்னி வேட்டை என்று பெயர் வைத்திருக்கும் தமிழில், அதைப் பற்றிய மிகச் சிறந்த வர்ணனை ஒரு பக்திக் காவியத்தில் இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். சேக்கிழார் பெரியபுராணத்தில் கண்ணப்பரின் கதை சொல்லும்போது, மாதந்தோறும் நடக்கவேண்டிய வேட்டை தவறியதால் பன்றியும் கரடியும் மானும் பெருகிப் புனங்களை அழிக்கின்றன என்று வேடர்கள் தம் தலைவன் நாகனிடம் வந்து முறையிடுகிறார்கள். விஸ்கான்சின் குடியானவனின் முறையீடும் இன்று இதுவே. மூப்படைந்த நாகன், பின்னாளில் கண்ணப்பரான தன் மகன் திண்ணனை அனுப்புகிறான். வில்வித்தையோ அவனுக்கு முன்பே விழாவெடுத்துக் கற்பிக்கத் தொடங்கியாயிற்று. ஆனால் வேட்டைக்குப் போகும்போது அவன் வயது பதினாறு. அந்த வேட்டையில் அம்பு மழைக்கு நடுவே கவி ஒரு கணம் நின்று சொல்லும் செய்தி என்னவென்றால், யானைக்கன்றுகளை அவர்கள் தொடரவில்லை, சிறு குட்டிகளைக் கொல்லவில்லை, கருச்சுமந்து நடைதளர்ந்த விலங்குகளுக்குத் துன்பம் செய்யவில்லை என்பது. பள்ளிக்கூடத்தில் கண்ணப்பரைப் படித்த நாம், கண்ணை இடந்து அப்பியதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

ஜெர்மனியிலும் இளையோர்க்கான வேட்டை உரிமத்துக்குப் பதினாறே வயது. அதுவும் விலங்கு, காடு, சட்டம், ஆயுதம் எல்லாவற்றிலும் கடுமையான பரீட்சை கொடுத்த பிறகு, பெரியவர் துணையோடு. சுடப்பட்ட மானின் வாயில் ஒரு பசுந்தழையைச் செருகி, அதைக் கடைசிக் கவளம் என்று சொல்லும் ஆசாரமும் அவர்களிடம் இருக்கிறது. மானுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. தழையை ஒடித்துவந்து குனிந்து வைக்கிறவனுக்கு ஆகலாம்.

எட்டு வயதிலேயே விவேகமுள்ள பண்ணைப் பிள்ளைகள் இருக்கிறார்களே, நாற்பதிலும் விவேகமில்லாத குடிகாரர்கள் துப்பாக்கி தூக்குகிறார்களே, தன் பிள்ளையின் பக்குவம் தகப்பனுக்குத் தெரியாதா, சர்க்கார் ஏன் நடுவே வரவேண்டும் என்று அங்கே கேட்கிறார்கள். குடிகாரனைக் காட்டிக் குழந்தைக்குச் சலுகை கேட்பது விசித்திரமான தர்க்கம். தகப்பனுக்குத் தெரியும் என்பதையும் நான் அவ்வளவாக நம்பவில்லை. பிள்ளையை நாலு வயதில் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புத் தாண்டிச் சேர்க்கத் துடிப்பவனும் தகப்பனே. பிள்ளையின் பெருமையில் தன் பெருமையைப் பார்க்கிறவன் அவன். வயதைக் கணிக்க உலகத்திலேயே தகுதி குறைந்தவன் அவன்தான். நானும் ஒருவனாக இருந்து சொல்லுகிறேன்.

விஸ்கான்சின் மாநிலம் தன் பழைய பன்னிரண்டுக்குத் திரும்ப வேண்டும். ஒரு துப்பாக்கி விதியையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். பன்னிரண்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்துப் போகாதே என்று நான் சொல்லவில்லை. ஐந்து வயதிலேயே அழைத்துப் போகட்டும். குளம்படியையும் புழுக்கையையும் பார்த்து எந்த விலங்கு எப்போது போயிற்று என்று சொல்லட்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று அறியட்டும். பெரியவர் சுட்ட மான் விழுந்தால், கிட்டப்போய்த் தொட்டுப் பார்த்து, அழ வேண்டுமானால் அழுது, வயிறு கிழிக்கும்போது கூட நிற்க முடிந்தால் நின்று, அந்தக் கறியை வீட்டுக்குச் சுமந்துவந்து உண்ணட்டும். பன்னிரண்டில் பரீட்சை எழுதிப் பலகைக்குறியையும் சிறு வேட்டையையும் பழகட்டும். மானுக்கும் கரடிக்கும் பதினாறு வரை பொறுத்தால் எந்தக் குடிமுறையும் முழுகிப்போகாது. அதனால் உரிமச்சீட்டு குறைந்து கஜானாவில் பணம் குறையுமானால், அந்தக் காடுகளில் படம் பிடிக்கவும் நடக்கவும் வருகிறவர்களிடம் வரி கேட்க அந்தச் சட்டசபைக்குத் தைரியம் வரட்டும்.

என் மகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "அனுப்பு, துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லி அனுப்பு" என்று மட்டும் சொன்னேன். மருமகளுக்கு அரைமனம்; அயல்வீட்டுக்காரர் தவறாக எண்ணவில்லையாம். சனிக்கிழமை விடியுமுன் பரணேறி, முழங்கால்வரை தொங்கிய இரவல் ஆரஞ்சு மேலங்கிக்குள் சுருண்டு, பையன் நண்பகல்வரை உட்கார்ந்திருந்தான். மான் வரவில்லை. இரண்டு அணில்களும் ஒரு மரங்கொத்தியும் வந்தனவாம், கால்விரல் மரத்துப்போயிற்றாம், பேசக்கூடாது என்பதுதான் மிகக் கஷ்டமாக இருந்ததாம். அடுத்த வருஷமும் போகலாமா என்று கேட்டான். போகலாம் என்றேன். மீசை முளைக்க இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது.